கிளி எடுத்த சிவப்பு அட்டை

வெள்ளத்தாயின் பெயருக்கு நேரே தொண்ணூற்று நான்கு என்று திரையில் விழுந்ததும், மகள் பேச்சியம்மாளுக்குக் கோபம் தலைக்கேறியது. தாய்க்காரிக்குப் பெருமை தலைக்கேறியது.

“தொண்ணூத்தி நாலா! ஏட்டி, நீ பத்தாங்கிளாஸ் கணக்குல எடுத்தது தொண்ணூத்தி ஒண்ணுதானே?”

“யம்மா, இது மார்க்கு இல்ல.”

“நூத்துக்குத்தானே போடுதாவ?”

“நூத்துக்குத்தான். ஆனா…”

“பொறவு என்னட்டி ஆனா?” வெள்ளத்தாய் அதற்குள் செல்போனைக் காதில் வைத்துவிட்டாள். “ஏ மதினி, ராமலெட்சுமி மதினி! ஆஸ்பத்திரியில என்னமோ பரீட்ச வச்சாவ. நாந்தான் பர்ஸ்ட்டு. தெருவுல சொல்லிரு.”

எதில் முதலிடம் என்பதைப் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் பேச்சியம்மாள் எப்படிச் சொல்வாள்? முட்டி மாற்று அறுவை செய்துகொள்கிறவர்களில் யார் யார் வலி மாத்திரைக்கு அடிமையாகி, புண் ஆறிய பிறகும் அதை விடமுடியாமல் மாசக்கணக்கில் விழுங்கிக்கொண்டே இருப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்கிற இயந்திரம் அது. தொண்ணூற்று நான்கு என்றால் தப்பவே வழியில்லை என்று அர்த்தம். யாருக்கு? இருபத்தாறு வருஷம் சத்துணவுக் கூடத்தில் சோறாக்கிய, டீயைக்கூடப் பித்தம் என்று தொடாத வெள்ளத்தாய்க்கு.

கோவில்பட்டி புறவழிச்சாலையில் இருந்த நிமிர்நடை மூட்டு மருத்துவமனையில் அந்த இயந்திரத்துக்குக் கம்பெனி வைத்த பெயர் ஒன்றரை வரி நீளம். ஊழியர்கள் சுருக்கமாகக் கிளி என்றார்கள். எதிரே உட்கார்ந்து பெயரைச் சொன்னால் உள்ளே எதையோ புரட்டிவிட்டு ஓர் அட்டையைத் தள்ளும். கோயில் வாசல் கிளிக்கு நாலு நெல் போதும். இதற்கு உங்கள் ஜாதகம், சாப்பாடு, சகவாசம் எல்லாம் வேண்டும். பச்சை அட்டை வந்தால், அறுவைக்குப் பிறகு அபின் இனத்து மஞ்சள் மாத்திரை வேளை தவறாமல் கிடைக்கும். சிவப்பு வந்தால் பாராசிட்டமால், ஒரு ஐஸ் பை, ‘வலி என்பது மனமே’ என்று பதினோரு நிமிஷ வீடியோ. அந்த வீடியோவில் பேசுகிறவருக்கு முட்டியில் எந்தக் கோளாறும் கிடையாது.

அட்டையை நோயாளி கையில் கொடுப்பதுதான் பேச்சியம்மாளின் வேலை. எம்.எஸ்சி. புள்ளியியல். அவள் வம்சத்திலேயே காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். மிதித்து முடித்து இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தாள். பதினாலு மாதத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு சிவப்பு அட்டைகளை, “உங்க நல்லதுக்குத்தான்” என்று மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். முட்டியை மடக்கிப் பழக்கும் அறை அவள் மேசைக்கு அடுத்த சுவர். சிவப்பு அட்டைக்காரர்கள் உள்ளே கத்தும்போது அவள் காதில் பாட்டு மாட்டிக்கொள்வாள். இருநூற்றுப் பதின்மூன்றாவது ஆள் பெற்றவளாக வந்த பிறகுதான் புத்தி வந்தது என்பதை அவள் பின்னாளிலும் மறுத்ததில்லை. அன்றைய கோபத்தில் பாதி தன்மேலேயேதான்.

மீதிப் பாதியை எடுத்துக்கொண்டு டாக்டர் நவநீதன் அறைக்குள் நுழைந்தாள். நவநீதன் முட்டிகளை நம்புகிறவர், மனிதர்களை ஓரளவு, கிளியை முழுசாக.

“சார், எங்கம்மா மாத்திரைக்கு அடிமையாவாளாம். அவ வெத்தல கூடப் போட மாட்டா.”

“கிளி ஆளைப் பாத்துச் சொல்றதில்ல பேச்சி. பதினோராயிரம் பழைய நோயாளிங்களைப் பாத்துப் படிச்சிருக்கு. ஆபரேஷன் ஆகி ஆறு மாசம் கழிச்சும் மருந்துக்கடையில மஞ்சள் மாத்திரை வாங்கிக்கிட்டே இருந்தது யாருன்னு அதுக்குத் தெரியும். அவங்களுக்குள்ள என்ன ஒத்துமைன்னு அதுவாக் கண்டுபிடிச்சுக்கும்.”

“என்ன ஒத்துமை?”

“அது எனக்கெப்படித் தெரியும்? நான் எலும்பு டாக்டர்.”

“மஞ்ச மாத்திர இல்லாம முட்டியை மடக்க முடியுமா சார்?”

நவநீதன் பேனாவைக் கழற்றி, உள்ளே மை இருக்கிறதா என்று பார்த்தார். “சில பேரால முடியும். முதல் ரெண்டு வாரத்துக்குள்ள தொண்ணூறு டிகிரியாவது மடங்கிடணும். இல்லன்னா உள்ள தழும்பு இறுகிப்போகும். கால் கம்பு மாதிரி நிக்கும்.”

“கம்புக்காலை வச்சிக்கிட்டு நூத்தி அறுவது பிள்ளைக்கு எப்படி சார் பொங்குவா? நீங்களே பச்சைன்னு மாத்தி எழுதிருங்களேன்.”

“போன வருஷம் ஒரு தடவை எழுதினேன். கமிட்டி போட்டு விசாரிச்சாங்க. மூணு சிட்டிங். ஒரு பிஸ்கட் கூட குடுக்கல.”

அன்று திங்கட்கிழமை. அறுவை வியாழக்கிழமை.

பேச்சியம்மாள் மேசைக்குத் திரும்பி, அதுவரை யாருமே திறக்காத பக்கத்தைத் திறந்தாள். எல்லோரும் எண்ணைத்தான் பார்ப்பார்கள். எந்தக் காரணத்துக்குக் கிளி எவ்வளவு எடை போடுகிறது என்ற பட்டியல் பின்னால் கிடந்தது. முதல் இடம், நோயாளியைப் பார்க்க வந்தவர்களுக்குக் கொடுத்த வாசல் சீட்டுகளின் எண்ணிக்கை. இரண்டாவது, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர்கள் என்று படிவத்தில் எழுதிய பெயர்கள். மூன்றாவது, கேன்டீனில் காபியோடு வாங்கிய காலி டம்ளர்கள். சாராயமும் கஞ்சாவும் பதினாலாவது இடத்தில் வெட்கப்பட்டு நின்றன.

வெள்ளத்தாய் அட்மிஷனுக்கே வேன் பிடித்து, பதினோரு பேரோடு வந்திருந்தாள். அவசரத் தொடர்புக்கு இரண்டு பெயர் எழுதுகிற இடத்தில், தாளைத் திருப்பி, முட்டை வண்டி டிரைவர்வரை இருபத்தாறு பேரை எழுத வைத்திருந்தாள். டம்ளர் முப்பத்திரண்டு.

ஆள் வந்தால் அடிமையா? இது என்ன கூத்து என்று பழைய நோயாளிகளின் பட்டியலை ஓட்டினாள். பதினோரு மாதம் விடாமல் மஞ்சள் மாத்திரை வாங்கியதாக ஒரு பெயர் இருந்தது. அவள் தெருவேதான். ராமலெட்சுமி அத்தை.

சாயங்காலம் நேரே அத்தை வீட்டுக்குப் போனாள். ஃபிரிட்ஜ்மேல் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். அதில் பாதி அளவுக்கு மஞ்சள் மாத்திரை.

“எத்தன நாள் சாப்பிட்டீய அத்தை?”

“ஒம்பது நாளு. அதுக்குமேல வயிறு கட்டிக்கிட்டு. விட்டுட்டேன்.”

“பதினோரு மாசம் வாங்கிருக்கீயளே!”

“சீட்டு ஒரு வருசத்துக்குச் செல்லும்னான்லா கடைக்காரன். சும்மா விடுவனா? நம்ம தெருவுல வலி இல்லாதவ யாரு? எதிர்வீட்டு டெய்லருக்கு இடுப்பு. பால்காரருக்குப் பல்லு. மாரியப்பன் ஆட்டுக்குக் காலு.”

“ஆட்டுக்கா?”

“சிமெண்டு லாரி ஏத்திட்டான். ரெண்டு நாளு சிரிச்ச மொகமாக் கெடந்துது, பாவம். ஏன், ஒனக்குந்தான் குடுத்தோம்.”

“எனக்கா?”

“எம்மெஸ்ஸி பரீட்சைக்கு முந்தி மண்டையிடின்னு சுருண்டு கெடந்தியே. ஒங்கம்மா பாதியா ஒடிச்சுப் பால்ல போட்டுக் குடுத்தா.”

நிகழ்தகவுத் தாளை அன்றைக்கு அத்தனை அன்போடு, விடைத்தாள் ஓரத்தில் பூப்போட்டு எழுதியது ஏன் என்று பேச்சியம்மாளுக்கு இப்போதுதான் விளங்கியது.

“கூறு இருக்கா ஒங்களுக்கெல்லாம்? இது என்ன மிட்டாயா? யாராவது இதுக்கே அடிமையாயிட்டா?”

“ஆனானே. கண்டக்டர் செல்லப்பா.” ராமலெட்சுமி சாவகாசமாகச் சொன்னாள். “வலியிருக்கவன் வந்தா இடுப்பப் புடிச்சிக்கிட்டு என் மூஞ்சியப் பாப்பான். இவன் உள்ள நொழையும்போதே பாட்டிலப் பாத்தான். பாத்த அன்னைக்கே நிறுத்திட்டேன். அவன் பொண்டாட்டிட்டச் சொல்லி, ரெண்டு பேருமா டாக்டர்ட்ட இழுத்துட்டுப் போனோம். இப்ப வந்தா கடலமிட்டாய்தான்.”

பேச்சியம்மாள் பாட்டிலை எடுத்துப் பார்த்தாள். பதினோராயிரம் பேரைப் படித்த கிளி போதையைக் கண்டுபிடிக்கவே இல்லை. கொடுக்கிற கையைத்தான் கண்டுபிடித்திருந்தது. மாத்திரையை வீடுவீடாகப் பங்குவைத்தவர்களெல்லாம் அதன் கணக்கில் அடிமைகள். இன்னொருத்தர் வீட்டு வாசல்கூட மிதிக்காதவர்களுக்குப் பச்சை அட்டை.

மறுநாள் விஷயத்தைக் கேட்டு நவநீதன் விழுந்து விழுந்து சிரித்தார். பாதியில் சிரிப்பு நின்றது.

“எத்தனை சிவப்பு அட்டை குடுத்திருப்ப?”

“இருநூத்திப் பன்னெண்டு சார்.”

“அத்தனை முட்டி.” கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

கம்பெனிக்கு அங்கேயே கடிதம் தட்டினார்கள். அரைமணி நேரத்தில் பதில் வந்தது: ‘பகிர்ந்தளித்தல் எங்கள் கணிப்பில் இடம்பெறும் காரணி அன்று. நோயாளி விரும்பினால் மறுமதிப்பீட்டு நேர்காணலுக்கு விண்ணப்பிக்கலாம்.’ நவநீதன் கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். கமிட்டி கூட மூன்று வாரமாகும். முட்டி அதுவரை பொறுக்காது.

ஆக, புதன்கிழமை நேர்காணல். செவ்வாய் முழுக்கப் பேச்சியம்மாள் தாய்க்குக் கருமித்தனம் கற்றுக்கொடுத்தாள்.

“யாரு என்ன கேட்டாலும் இல்லன்னு சொல்லணும்.”

“வீட்டுல இருக்கும்போது இல்லன்னு எப்படிட்டி சொல்ல?”

“நடி.”

“பக்கத்து வீட்டுப் பிள்ள பசிக்குன்னு வந்தா?”

“கதவச் சாத்து.”

“சவத்து மூதி, இதுக்கா ஒன்னப் படிக்க வச்சேன்?”

கிளி நேர்காணலில் பேசக்கூடச் செய்யும். செய்தி வாசிக்கிற பெண்ணின் குரல். சக்கரம் வைத்த மேசையில் உருட்டிக்கொண்டு வந்து வெள்ளத்தாய் முன்னால் நிறுத்தினார்கள்.

“உங்கள் மாத்திரைகளில் மீதம் இருந்தால் என்ன செய்வீர்கள்?”

“பூட்டி வச்சிருவேன்.”

“அண்டை வீட்டார் வலி என்று கேட்டால்?”

வெள்ளத்தாய் மகளைப் பார்த்தாள். மகள் முறைத்தாள். “போடின்னு… போங்கம்மான்னு சொல்லிருவேன்.”

“உங்கள் வீட்டில் சமைத்த உணவைப் பிறருக்குத் தருவதுண்டா?”

“நானே திம்பேன்,” என்றாள் வெள்ளத்தாய், கொலைக்குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலில்.

திரையில் எண் இறங்கியது. எண்பது. அறுபத்தாறு. நாற்பத்தொன்பது. கடைசிக் கேள்விக்குக் கிளி வாயெடுத்தது, குரல் இழுத்தது. “மன்னிக்கவும். என் மின்கலம் தீரும் நிலையில் உள்ளது. தொடரலாமா?”

“அய்யய்யோ!” வெள்ளத்தாய் பதறி எழப்போனாள். “காலையில இருந்து தொண்ட வத்தப் பேசுது, ஒருத்தருக்கும் ஈவு எரக்கம் இல்லையே! ஏட்டி, என் போனு சார்ஜரப் புடுங்கி இதுக்கு மாட்டுட்டி. என் போனு செத்தாச் சாவட்டும். நீ குடிம்மா, குடி.”

கிளி ஒரு நிமிஷம் மின்சாரம் குடித்தது. பிறகு அட்டையைத் தள்ளியது. சிவப்பு. தொண்ணூற்று ஏழு.

“மூணு கூடியிருக்கு!” என்றாள் வெள்ளத்தாய்.

வியாழக்கிழமை புது முட்டி வைத்தார்கள். வெள்ளியன்று மடக்கச் சொன்னார்கள். நாற்பது டிகிரிக்குமேல் போகவில்லை. வெள்ளத்தாய் கத்தவில்லை. துண்டைக் கடித்துக்கொண்டு, கண்ணீர் தானாக வடிய, காலைப் பிடித்திருந்த பெண்ணிடம், “சாப்ட்டியாம்மா?” என்று கேட்டாள். பேச்சியம்மாள் வெளியே வந்து, பாட்டு மாட்டுகிற வயரை மேசை இழுப்பறைக்குள் போட்டு அறைந்து மூடினாள்.

அந்த அறைதலில்தான் யோசனை பிறந்தது. கிளி தினமும் காலையில் கணக்கைப் புதுப்பிக்கும். ஆள் வந்தால்தானே ஏறுகிறது? வராவிட்டால் இறங்க வேண்டும். முதலில் அவசரத் தொடர்புப் பட்டியலில் இருபத்தைந்து பெயர்களை, தாயின் சம்மதத்தோடு, அடித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் வெள்ளத்தாய், “பாவம், இவன் என்ன செஞ்சான்?” என்றாள். பிறகு ராமலெட்சுமிக்குப் போன்.

“அம்மா பேருல ஒருத்தரும் வாசல் சீட்டு வாங்கக்கூடாது அத்தை.”

“பெத்தவளப் பாக்க வராதேங்கியா? நல்லாருக்குட்டி ஒன் படிப்பு.”

“வாங்க. ஆனா பக்கத்து கட்டில் மாசானம் அண்ணாச்சி பேருல சீட்டு வாங்கிட்டு வாங்க. காபி டம்ளரும் அவர் பேருல.”

“அந்த அரிசிமில்லு மாசானமா? அவரப் பாக்க யாரு வருவா?”

“யாரும் இல்ல. அதான்.”

மாசானத்துக்குப் புதன்கிழமையே அறுவை முடிந்திருந்தது. மதிப்பெண் மூன்று. பச்சை அட்டை. மகன் கனடாவில். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர் என்ற இடத்தில் தன் நம்பரையே எழுதியிருந்தார். தலையணைக்கடியில் எப்போதும் ஒரு கை இருக்கும். அங்கே ஓர் ஆரஞ்சுப் பழம் இருப்பதாக வார்டில் பேச்சு.

மூன்று நாளில் நாற்பத்தொரு பேர் வந்தார்கள். உறவுமுறை என்ற கட்டத்தில் தங்கச்சி, மச்சினன், சின்னமாமன் என்று வாய்க்கு வந்ததை எழுதினார்கள். காவலாளி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்ததால், நேரே வெள்ளத்தாயிடம் போக முடியாமல், முதலில் மாசானம் கட்டிலருகே நின்று நாலு வார்த்தை பேசவேண்டியதாயிற்று.

“எப்படியிருக்கீய அண்ணாச்சி?”

“நீ யாரு?”

“ஒங்க தங்கச்சி.”

“எனக்குத் தங்கச்சியே கெடையாதே.”

“இப்ப இருக்கு. ரசம் குடிக்கியளா?”

முதல் நாள் அவர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். இரண்டாம் நாள் ரசத்தைக் குடித்துவிட்டு உப்பு கம்மி என்றார். மூன்றாம் நாள் பார்வை நேரத்துக்கு முன்னாலேயே தலை வாரியிருந்தார்.

வெள்ளத்தாயின் எண் சனிக்கிழமை அறுபத்தொன்று, ஞாயிறு முப்பத்தெட்டு, திங்கள் பத்தொன்பது. பச்சை! மஞ்சள் மாத்திரை வந்தது. செவ்வாய்க்கிழமை முட்டி தொண்ணூற்று இரண்டு டிகிரி மடங்கியது. “ஏட்டி, இதுலயும் தொண்ணூத்தி ரெண்டு!” என்று வெள்ளத்தாய் கூவினாள். பேச்சியம்மாள் சிரித்துக்கொண்டே மேசைக்கு வந்தாள். கிளி அப்போது அடுத்த அட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தது.

மாசானம். தொண்ணூற்று ஆறு. சிவப்பு.

எம்.எஸ்சி. படித்த மண்டைக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா? ஒரு முட்டியைக் காப்பாற்ற இன்னொரு முட்டியை விற்றிருக்கிறாள். கிளியாவது தெரியாமல் செய்தது.

அட்டையை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றாள். ‘உங்க நல்லதுக்குத்தான்’ என்ற வார்த்தை வாயில் வரவில்லை.

“என்னம்மா அது?” மாசானம் வாங்கிப் பார்த்தார். “தொண்ணூத்தியாறா! ஒங்கம்மா எவ்வளவு?”

“அதிகபட்சம் தொண்ணூத்தி ஏழு.”

“ஒண்ணுதான் கொறவு.”

“அண்ணாச்சி, இது மார்க்கு இல்ல.” நிறுத்தாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். கிளியின் தப்பு, வாசல் சீட்டு, டம்ளர், இனி அவருக்கு மஞ்சள் மாத்திரை கிடையாது என்பது, எல்லாம். “என்னைத் திட்டுங்க. சட்டப்படி புகார் குடுங்க. எழுதிக்கூடத் தாரேன்.”

மாசானம் அட்டையை மடியில் கவிழ்த்து வைத்தார்.

“அப்ப அந்த நாப்பத்தோரு பேரும் எனக்காக வரல.”

“இல்ல அண்ணாச்சி.”

“அது மொதல் நாளே தெரியும். எனக்கென்ன கண்ணு இல்லையா?” போர்வையை நீவிவிட்டார். “ஆனா நேத்து அந்த ராமலெட்சுமி, உப்பு கம்மின்னு நான் சொன்னதுக்கு, எனக்குன்னு தனியா ஒரு தூக்குல ரசம் கொண்டாந்தா. அது எந்தச் சீட்டுல எழுதியிருந்துது?”

பேச்சியம்மாள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

அவர் தலையணையைத் தூக்கினார். ஆரஞ்சு இல்லை. காகிதத்தில் மடித்த மஞ்சள் மாத்திரைகள், பதினாறு. “வேளைக்கு ரெண்டு குடுத்தாவ, பாதிதான் முழுங்கினேன். நாளைக்கு வலிச்சா யாருட்டப் போயிக் கேக்க? அதான் சேத்து வச்சேன். என் முட்டிக்கு இனிமே பாதியே போதும்மா. நீ அழாத.”

“நான் ஒண்ணும் அழல.”

சுவருக்கு அப்பால் ஒரு பெண்குரல் வீறிட்டது.

“யாரது?”

“பீடி சுத்துற அக்கா ஒருத்தி. முந்தாநாள் ஆபரேஷன். சிவப்பு அட்டை.” பேச்சியம்மாள் தலையைக் குனிந்தாள். “நாந்தான் குடுத்தேன்.”

மாசானம் கால்களைக் கட்டிலிலிருந்து இறக்கினார். நடக்கச் சொல்லி ஆறு நாளாக நர்ஸ்கள் கெஞ்சிக்கொண்டிருந்த மனுஷன், யாரும் சொல்லாமல் வாக்கரைப் பிடித்து எழுந்தார். ஒரு கையில் காகிதப் பொட்டலம். டக், டக் என்று போய், மடக்கும் அறை வாசலில் நின்ற நவநீதன் முன்னால் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார்.

“டாக்டரே, இதுல அந்தப் பொம்பளைக்கு எத்தன குடுக்கலாம்?”

நவநீதன் பொட்டலத்தைப் பார்த்தார். உள்ளே கட்டிலைப் பார்த்தார். பிறகு பேச்சியம்மாள் பக்கம் திரும்பினார்.

“கமிட்டிக்குத் தேதி வந்துடுச்சு பேச்சி. அடுத்த மாசம் அஞ்சு. நீயும் வரணும், அந்த இருநூத்திப் பன்னெண்டு பேர் லிஸ்ட்டோட. பிஸ்கட் நாமளே கொண்டு போயிடலாம்.” மாசானத்திடம் குரலைத் தாழ்த்தினார். “இப்போ ஒண்ணு. ராத்திரிக்கு ஒண்ணு. நான் பக்கத்துலயே நின்னு பாத்துக்கறேன். உங்களுக்கு மிச்சம் வச்சுக்கோங்க.”

“எனக்கு வேணும்னா ராமலெட்சுமிட்டக் கேட்டுக்கிடுவேன்,” என்றார் மாசானம். “ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலு நெறைய வச்சிருக்காளாமே.”

பேச்சியம்மாள் மேசைக்குத் திரும்பி நாற்காலியில் சாய்ந்தாள். திரையில் எண் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. மாசானம், தொண்ணூற்று ஆறு.

பதினாலு மாதத்தில் முதன்முறையாகக் கிளி ஒரு கொடுக்கிற கையை முன்கூட்டியே சரியாகச் சொல்லியிருந்தது.